பங்குனி விடியலில் பிரான்மலை அடிவாரக் காட்டுப் பூக்கள்: எங்கே நிற்பது, எப்படி எடுப்பது?

செம்மண்தடம்

வணக்கம். பங்குனி முதல் வாரத்தில் இரண்டு நாள் சிவகங்கை மாவட்டப் பிரான்மலை அடிவாரத்திலும் ஒரு நாள் புதுக்கோட்டைப் பக்கம் நார்த்தாமலையிலும் விடிகாலைப் படம் எடுக்கத் திட்டம். எனக்கு வேண்டிய படம் இதுதான்: முன்னால் காட்டுப் பூ, பின்னால் மலை, இரண்டும் தெளிவாக, பூவின் மேல் முதல் வெயில்.

கையில் ஏபிஎஸ்-சி (முழு ஃப்ரேமைவிடச் சிறிய) சென்சார் கேமரா, 18–55 மி.மீ. லென்ஸ், 55–250 மி.மீ. லென்ஸ், ட்ரைபாட், பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டி இருக்கின்றன. குன்றக்குடிப் பக்கம் சோதனையாக எடுத்ததில் மூன்று கோளாறு. பூ தெளிவாக வந்தால் மலை மங்குகிறது. ஆவாரம்பூ இதழ் தெரியாமல் ஒரே மஞ்சள் அப்பலாக வருகிறது. மலை கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தாலும் படத்தில் வரப்பு மாதிரி சுருங்கிவிடுகிறது. எத்தனை மணிக்கு அங்கே இருக்க வேண்டும், மலைக்கு எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

பறம்புக்காற்று

தம்பி, நேரத்திலிருந்து தொடங்குவோம். நம் ஊர் ஏறக்குறைய 10 பாகை (டிகிரி) வட அட்சத்தில் இருக்கிறது. இங்கே சூரியன் சாய்வாக ஏறாது, கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக ஏறும். 4 நிமிடத்துக்கு ஒரு பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்புகளைப் படித்துவிட்டு, பொன்வெயில் ஒரு மணி நேரம் நிற்கும் என்று நம்பிப் போனால் ஏமாற்றம்தான். இங்கே அது 25 நிமிடம். அதற்குப் பிறகு 15 நிமிடம் சுமாரான வெயில். அப்புறம் செம்மண் தரை பளீரென்று அடிக்கத் தொடங்கிவிடும்.

பங்குனி முதல் வாரத்தில் பிரான்மலைப் பக்கம் சூரிய உதயம் சுமார் 6.23 மணிக்கு. மாசித் தொடக்கத்தில் 6.36, சித்திரைத் தொடக்கத்தில் 6.06. நீங்கள் போகும் வாரத்தில் சூரியன் நேர் கிழக்கிலிருந்து 2 பாகை மட்டும் தெற்கே தள்ளி எழும், அதாவது நேர் கிழக்கு என்றே கொள்ளலாம். மாசித் தொடக்கமாக இருந்தால் 13 பாகை தெற்கே தள்ளும்.

5.40-க்கு ட்ரைபாட் தரையில் நிற்க வேண்டும். அப்படியானால் பூவை முதல் நாள் மாலையே தேர்ந்து வைத்திருக்க வேண்டும். இருட்டில் டார்ச் அடித்துப் பூத் தேடினால் அந்த 25 நிமிடம் தேடுவதிலேயே போய்விடும். மாலையில் போய், செடியைச் சுற்றி நடந்து பார்த்து, ட்ரைபாட் கால் வைக்கும் இடத்தில் மூன்று கல் வைத்துவிட்டு வாருங்கள். கைப்பேசியில் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பக்கம். பலரும் சூரியனும் மலையும் ஒரே சட்டத்தில் வரட்டும் என்று மலைக்கு மேற்கே போய் நிற்கிறார்கள். அங்கே ஒரு கணக்கு இருக்கிறது. கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 பாகை. நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து மலை உச்சி ஒன்றரை முஷ்டி உயரத்தில் தெரிந்தால், அங்கே சூரியன் ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் வரும். 7.25-க்கு உச்சியைத் தாண்டி வரும் வெயிலில் பொன்னிறம் மிச்சம் இருக்காது.

ஆகவே மலைக்குக் கிழக்கே நில்லுங்கள். பொன்னமராவதிப் பக்கச் சாலைதான் உங்களுக்கு. வெயில் முதுகுப் பக்கமிருந்து வந்து முதலில் மலை உச்சியில் விழும், பிறகு சரிவில் இறங்கும், கடைசியில் பூவுக்கு வரும். உச்சி சிவந்து, அடிவாரம் இன்னும் நீலநிழலில் கிடக்கும் அந்த இரண்டு மூன்று நிமிடம் எனக்கு மற்ற எல்லாவற்றையும் விட மேலானது. பாரி ஆண்ட பறம்பு என்று சொல்லும் மலையை அந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு இடைஞ்சல், உங்கள் நிழல். சூரியன் 5 பாகையில் இருக்கும்போது சராசரி உயரமுள்ள ஆளின் நிழல் 19 மீட்டர் நீளும். 18 மி.மீ.யில் உங்கள் கேமராவின் கிடைக் கோணம் சுமார் 63 பாகை, பாதி 32. ஆகவே நிழல் விழும் திசையிலிருந்து குறைந்தது 35 பாகை வடக்கோ தெற்கோ திரும்பி எடுத்தால்தான் நிழல் சட்டத்துக்கு வெளியே போகும். இப்படித் திரும்புவதால் வெயில் பக்கவாட்டில் விழுந்து பாறை மடிப்புகளும் நன்றாகத் தெரியும்.

ஆவாரங்காடு

வெளிச்சத்தைப் பற்றி அண்ணன் சொன்னது சரி. நான் பூப் பக்கம் பேசுகிறேன்.

வசந்தத்தில் தரையெல்லாம் பூ விரிந்து கிடக்கும் என்பது குளிர்நாட்டுக் காட்சி. நம் சீமையில் தரைப்பூக்களுக்குக் காலம் குறிப்பது மழை. வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் பெய்து முடிய, தரைப்பூ கார்த்திகையிலிருந்து தை வரை நிற்கும். செங்காந்தள், தும்பை, சிறுபீளை எல்லாம் அந்த வரிசை. பங்குனிக்குத் தரை காய்ந்துவிடும். பங்குனியின் பூ பெரும்பாலும் மரத்தின் பூ. இலை உதிர்ந்த புரசில் ஆரஞ்சுக் கொத்து, வறண்ட பாறைக் குன்றுகளில் இலையில்லாக் கிளை நுனியில் பெரிய மஞ்சள் கோங்கு, வேம்பு, கொஞ்சம் முன்பின்னாக மஞ்சணத்தி. புரசு மாசியிலேயே உச்சத்துக்கு வந்துவிடும், பங்குனி முதல் வாரம் அதன் வால்தான். தரையில் கிடைப்பது கண்மாய்க் கரை ஈரத்திலும் சாலையோரத்திலும் மிஞ்சியிருக்கும் ஆவாரை, எருக்கு, நெருஞ்சி, விஷ்ணுகிரந்தி. ஒரு கோடை மழை விழுந்திருந்தால் கணக்கு மாறும், அதனால் போவதற்குப் பத்து நாள் முன்பு சிங்கம்புணரிப் பக்கம் மழை பெய்ததா என்று விசாரியுங்கள்.

இதைவிட முக்கியம், பூ விரியும் நேரம். 6.30-க்கு வெயில் வந்துவிடும், ஆனால் எல்லாப் பூவும் 6.30-க்கு விரிந்திருக்காது. ஆவாரை, எருக்கு, தும்பை, புரசு இவற்றில் கவலையில்லை, விடியும்போதே பூ இருக்கும். விஷ்ணுகிரந்தியின் நீலப்பூ வெயில் ஏற ஏற விரிந்து மதியத்துக்குள் மூடிவிடும். நெருஞ்சியும் வெயில் பட்ட பிறகுதான் முழுசாக விரியும். குறுந்தொட்டி, தரைப்பசலை வகைகள் இன்னும் தாமதம். ஆகவே உதயத்துக்கு ஆவாரையும் எருக்கும், 7.30-க்கு மேல் நெருஞ்சியும் விஷ்ணுகிரந்தியும் என்று இரண்டு வேலையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மூடிய மொட்டின் முன் உட்கார்ந்து பொன்வெயிலை வீணாக்க வேண்டாம்.

நெருஞ்சி ஞாயிற்றை எதிர்கொண்டு திரும்பும் என்பது சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. படம் எடுப்பவருக்கு அதன் பொருள், காலையில் பூவின் முகம் கிழக்கே இருக்கும் என்பது. நீங்கள் மேற்கே நின்று சூரியனைப் பார்த்து எடுத்தால் பூவின் முதுகுதான் விழும். மலைக்குக் கிழக்கே, பூவுக்கும் கிழக்கே நின்றால் பூ உங்களைப் பார்க்கும், மலை அதன் பின்னால் நிற்கும். அண்ணன் சொன்ன இடத்துக்கு இது இன்னொரு காரணம்.

எருக்கைத் தொட்டால் பால் வடியும், கண்ணில் பட்டால் ஆபத்து. கிளையை வளைத்துப் பிடித்த கையோடு வ்யூஃபைண்டரில் கண் வைக்காதீர்கள். கார்த்திகையில் வருவதாக இருந்தால் செங்காந்தளுக்கும் அதே எச்சரிக்கை. செடி முழுக்க நஞ்சு, கிழங்கில் அதிகம்.

எந்தப் பூவையும் பறித்து வேறு இடத்தில் நட்டுவைத்து எடுக்காதீர்கள். மறைக்கும் புல்லை ஒடிக்காமல் ஒரு குச்சியால் ஒதுக்கிப் பிடித்து, எடுத்து முடித்ததும் விட்டுவிடுங்கள்.

செம்மண்தடம்

பூ விரியும் நேரம் என் கணக்கிலேயே இல்லை, நன்றி. அப்படியானால் உதயத்துக்கு ஆவாரைதான். இரண்டும் தெளிவாக வருவதற்கு லென்ஸ் துளையை மிகச் சிறிதாக்கி எஃப்/22 வைத்தால் போதாதா? சோதனையில் எஃப்/22-லும் மலை சரியாக வரவில்லை.

பறம்புக்காற்று

எஃப்/22 வேண்டாம். ஏபிஎஸ்-சி சென்சாரில் எஃப்/11-ஐத் தாண்டினாலே ஒளி விளிம்பில் சிதறிப் படம் முழுக்கக் கொஞ்சம் மழுங்கத் தொடங்கும். எஃப்/22-ல் அது கண்கூடாகத் தெரியும். ஷட்டரும் நீண்டு பூ ஆடிவிடும். நீங்கள் பார்த்தது இரண்டும் சேர்ந்த மங்கல்.

18 மி.மீ., எஃப்/11-ல் ஃபோகஸை 1.5 மீட்டரில் வைத்தால் 75 செ.மீ. முதல் மலை வரை தெளிவு கிடைக்கும். பூ 75 செ.மீ.க்கு அப்பால் இருந்தால் ஒரே படம் போதும். பூவைப் பெரிதாகக் காட்ட 30 செ.மீ.க்கு நெருங்கினால் மூன்று படம் எடுத்து அடுக்க வேண்டும், அதாவது ஒவ்வொன்றிலும் தெளிவான பகுதியைக் கணினியில் ஒரே படமாகச் சேர்க்க வேண்டும். ஃபோகஸ் 30 செ.மீ.யில் ஒன்று, 50 செ.மீ.யில் ஒன்று, 1.5 மீட்டரில் ஒன்று. முதல் படம் 25 முதல் 37 செ.மீ. வரை, இரண்டாவது 37 முதல் 75 வரை, மூன்றாவது அதற்கு மேல் எல்லாம். இடைவெளி விடாமல் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும், ஆனால் மேல்படிவு குறைவு என்பதால் 40 செ.மீ.யில் இன்னொன்று சேர்த்துக்கொண்டால் நிம்மதி. தூரத்தை லென்ஸ் முனையிலிருந்து அளக்கக்கூடாது. கேமரா உடலின் மேல் வட்டத்தைக் குறுக்கே வெட்டும் கோடு போட்ட குறி இருக்கும், சென்சார் அந்த இடத்தில்தான். அங்கிருந்து அளக்க வேண்டும்.

அடுக்குக்கு எடுக்கும்போது வெளிச்ச அளவு, வெள்ளைச் சமன் (ஒளியின் நிறத்துக்கு ஏற்ப வண்ணத்தைத் திருத்தும் அமைப்பு), ஃபோகஸ் எல்லாம் மேனுவல். ஃபோகஸ் மாறும்போது படத்தின் அளவும் கொஞ்சம் மாறும், ஆகவே ஓரங்களில் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக விட்டு எடுங்கள். பூ அசையாத நொடியில் பூப் படத்தை முதலில் எடுத்துவிடுங்கள். மலை எங்கும் போகாது.

இனி மூன்றாவது கோளாறு. நம் குன்றுகள் மேற்குத்தொடர்ச்சி மலை அல்ல. பிரான்மலையே கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,500 அடிதான், குன்றக்குடி அதைவிடச் சின்னக் குன்று. 18 மி.மீ.யில் எதை எடுத்தாலும் பின்னால் இருப்பது சுருங்கும். எனவே பின்னுக்கு வாருங்கள். ஆவாரை இடுப்பளவு செடி, அது 50 மி.மீ.க்கு நன்றாக ஒத்துழைக்கும். செடியிலிருந்து 2 மீட்டர் தள்ளி, லென்ஸைப் பூக்கொத்தின் உயரத்துக்கு இறக்கி எடுத்தால் மலை எழுந்து நிற்கும். 50 மி.மீ., எஃப்/11-ல் நான்கு படம்: 2 மீட்டர், 3 மீட்டர், 6 மீட்டர், கடைசியாக மலை. என்னைக் கேட்டால் பிரான்மலைக்கு 35-க்கும் 55-க்கும் இடையில்தான் எடுப்பேன். 18-ஐ நார்த்தாமலைப் பாறை மேல் பயன்படுத்துங்கள், அங்கே பாறையே முன்னணிக் காட்சி.

ஊருணிப்படி

காத்தப் பத்தி யாரும் சொல்லலையே. உதயத்துக்கு முன்னாடி அரைமணி நேரம் காத்து அடங்கிக் கிடக்கும். வெயில் பட்டுத் தரை சூடானதும் அசைய ஆரம்பிச்சிரும். 7.15-க்கு மேல ஆவாரங்கொத்து சும்மா நிக்காது. அதனால அடுக்குப் படமெல்லாம் முதல்லயே முடிச்சிருங்க.

வெளிச்சம் தோராயமா: உதயத்துக்கு 10 நிமிஷம் முன்னாடி எஃப்/11, ஐஎஸ்ஓ (சென்சாரோட ஒளி உணர்திறன்) 400-ல ஷட்டர் ரொம்ப நீளும். உதயமாகி 10 நிமிஷத்துல அதே ஐஎஸ்ஓ-வுக்கு 1/100 பக்கம். பூ லேசா ஆடுனா 1/125-க்குக் குறையக்கூடாது, அப்ப பூப் படத்துக்கு மட்டும் ஐஎஸ்ஓ 1600-க்கு ஏத்திக்குங்க. மலைப் படத்தை 100-லயே எடுக்கலாம், அடுக்கும்போது பூப் படத்தோட இரைச்சலை மட்டும் தனியாக் குறைச்சுக்கலாம். ஐஎஸ்ஓ மாத்துனா அதுக்கு ஏத்த மாதிரி ஷட்டரையும் மாத்தி, ரெண்டு படத்தோட வெளிச்சமும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க.

காத்தைத் தடுக்கக் குடை போதும். காத்து வர்ற பக்கம் விரிச்சுத் தரையில சாய்ச்சு வைங்க, வெயிலை மறைக்காம. செடிக்குப் பக்கத்துல ஒரு மூங்கில் குச்சி ஊனி, தண்டை ஒரு துணிக் கிளிப்பால தளர்வாப் பிடிச்சு வச்சா முக்கால்வாசி ஆட்டம் நின்னுரும். கிளிப் இறுக்குனா தண்டு நசுங்கிரும், அதுக்கு நடுவுல ஒரு பஞ்சு வைங்க.

ஏசி ரூம்லயோ ஏசி கார்லயோ இருந்து கேமராவை நேரா வெளிய எடுத்தா லென்ஸ் ஆவி பிடிச்சிரும். பையோடவே வெளிய வச்சு 20, 30 நிமிஷம் விட்டுட்டுத் திறங்க. துடைச்சா திரும்பத் திரும்பப் பிடிக்கும். செம்மண் புழுதி சென்சாருக்குள்ள போனா எஃப்/11-ல வானம் பூரா கரும்புள்ளி தெரியும், அதனால லென்ஸை அங்க மாத்தாதீங்க. வீட்லயே மாட்டிக்கிட்டுப் போங்க, ரப்பர் ஊதுகுழல் ஒண்ணு பையில இருக்கட்டும்.

ட்ரைபாட் நடுத்தண்டை ஏத்தாதீங்க. சரளை மண்ணுல கால் வழுக்கும், காலை அழுத்தி ஊனிட்டு, பையைக் கொக்கியில மாட்டும்போது தரையைத் தொடுற அளவுக்கு விடுங்க. தொங்கவிட்டா பை ஆடும், ட்ரைபாடும் சேர்ந்து ஆடும்.

கல்தூண்

மஞ்சள் அப்பல் பற்றி. மஞ்சள் என்பது சென்சாருக்குச் சிவப்பும் பச்சையும் சேர்ந்தது. விடிகாலை வெயிலில் சிவப்பு ஏற்கனவே கூடுதல். கேமரா மொத்தச் சட்டத்தின் சராசரியைப் பார்த்து, நிழலில் இருக்கும் புதர் கறுப்பாக இருக்கிறதே என்று வெளிச்சத்தைக் கூட்டும். அந்த நேரத்தில் ஆவாரை இதழில் சிவப்பு நிறத்தின் பதிவு மேல் எல்லையில் முட்டி நின்றுவிடும். எல்லையில் முட்டியபின் இதழின் நரம்பும் மடிப்பும் பதிய இடமில்லை. மொத்த வெளிச்சத்தை மட்டும் காட்டும் வெள்ளை ஹிஸ்டோகிராமில் (வெளிச்சப் பரவல் வரைபடம்) இது தெரியாது. மூன்று நிறத்துக்கும் தனித்தனி ஹிஸ்டோகிராம் காட்டும் திரையை இயக்கி, சிவப்பு வலது ஓரத்தை ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆவாரைக்குப் பொதுவாக மூன்றில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்தால் அடங்கும், பின்வெயிலில் ஒரு ஸ்டாப்.

இன்னொன்று, ஹிஸ்டோகிராம் வருவது ஜேபெக் முன்னோட்டத்திலிருந்து. பட பாணி விவிட் அல்லது லேண்ட்ஸ்கேப்பில் இருந்தால் இல்லாத முட்டலையும் காட்டும். நியூட்ரலுக்கு மாற்றிவிடுங்கள், சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ரா கோப்பில் எடுங்கள்.

வெள்ளைச் சமனை ஆட்டோவில் விடாதீர்கள். பொன்வெயிலைக் குறையென்று நினைத்துக் கேமரா அதை நீக்கிவிடும். 5200 கெல்வினில் நிறுத்தினால் வெயில் வெயிலாக வரும், ஆனால் ஆவாரை கொஞ்சம் ஆரஞ்சுப் பக்கம் சாயும். செம்மண் தரையிலிருந்து எழும்பும் ஒளியும் பூவின் அடிப்பக்கத்தைச் சிவப்பாக்கும். ராவில் 4600 பக்கம் இறக்கி, மஞ்சளின் பளபளப்பை மட்டும் குறைத்துப் பாருங்கள். செறிவைக் கூட்டும் பொத்தானைத் தொடாதீர்கள், ஆவாரைக்கும் நெருஞ்சிக்கும் உள்ள மஞ்சள் வித்தியாசம் போய்விடும்.

போலரைசர் பனி ஒட்டிய இலையின் வெள்ளைப் பளபளப்பை எடுக்கும், நல்லது. ஆனால் சூரியனுக்கு 90 பாகைத் திசையில்தான் வானம் அதிகம் கறுக்கும். 18 மி.மீ.யில் வானத்தின் ஒரு பக்கம் கருநீலமாகவும் மறுபக்கம் வெளிறியும் வரும். 50 மி.மீ.யில் அந்தத் தொல்லை குறைவு. ஒன்றரை, இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும் என்பதால் காற்று இருந்தால் கழற்றிவிடுங்கள்.

சூரியனை நட்சத்திரமாக எடுக்க ஆசைப்பட்டால், இலையில்லாப் புரசுக் கிளைக்குப் பின்னால் முக்கால் பங்கு மறைத்து, எஃப்/16. இதற்கு மட்டும் எஃப்/11-ஐத் தாண்டலாம். அதுவும் தனிப் படமாக, அடுக்கோடு சேர்க்காமல். அந்த நேரத்தில் வ்யூஃபைண்டரில் கண் வைக்காதீர்கள், லைவ் வியூ போதும்.

ஆவாரங்காடு

நார்த்தாமலைக்கு ஒரு குறிப்பு. மேலமலைமேல் இருக்கும் விசயாலய சோழீச்சரம் மேற்கு நோக்கிய கோயில். உதயத்தில் அதன் முகப்பு நிழலில் இருக்கும். முகப்பில் வெயில் வேண்டுமானால் மாலைதான். காலையில் கோயிலைக் கிழக்கிலிருந்து, முதுகுப் பக்கம் வெயில் படுவதாகவோ, மேற்கிலிருந்து வான ஒளியில் நிழலுருவாகவோ திட்டமிடுங்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் அது. ட்ரைபாட் வைக்க முன் அனுமதி கேட்பார்கள், முதல் நாளே விசாரியுங்கள். பாறை இடுக்கில் மலைத்தேனீ அடை இருந்தால் அந்தப் பக்கம் ஃப்ளாஷும் ட்ரோனும் கூடாது.

விடிகாலையில் புல்லில் படுத்து எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது பாம்பு. சரளைக் காட்டில் சுருட்டை விரியன், காய்ந்த புல்லில் கண்ணாடி விரியன். தலையில் கட்டும் டார்ச், கணுக்கால் மூடிய காலணி, கையில் குச்சி மூன்றும் கட்டாயம். மண்டி போடும் முன் அந்த இடத்தைக் குச்சியால் தட்டி, வெளிச்சம் அடித்துப் பாருங்கள். கடி பட்டால் கட்டுப் போடுவதோ கீறுவதோ கூடாது. கடிபட்ட கைகாலை அசைக்காமல் நேரே அரசு மருத்துவமனை. தனியாகப் போகாதீர்கள்.

செம்மண்தடம்

திட்டத்தை மாற்றிவிட்டேன். முதல் நாள் மாலை இடம் பார்ப்பது. மறுநாள் 5.40 முதல் 50 மி.மீ.யில் ஆவாரையும் மலையும் நான்கு படம், 7.30-க்கு மேல் நெருஞ்சி. கடைசியாக ஒன்று: உடன் வரும் தம்பியிடம் கைப்பேசி மட்டும்தான் இருக்கிறது. அவனுக்கு ஏதாவது வழி?

ஊருணிப்படி

தாராளமா. அல்ட்ரா வைடை விட்டுட்டு முக்கியக் கேமராவுலயே எடுக்கச் சொல்லுங்க. பல போன்ல அல்ட்ரா வைடுக்கு ஃபோகஸ் நகராது, கிட்ட இருக்கிற பூ மங்கிரும். பூ மேல விரலை அழுத்திப் பிடிச்சு ஃபோகஸைப் பூட்டிட்டு, வெளிச்சக் கோட்டைக் கீழ இழுத்து மஞ்சள் இதழ்ல நரம்பு தெரியுற வரைக்கும் குறைக்கணும். போர்ட்ரெய்ட் மோடு வேண்டாம், இதழ் ஓரத்தை வெட்டிரும், நீங்க கேக்குற மலையையும் மங்கலாக்கிரும். போனைத் தலைகீழாப் பிடிச்சா லென்ஸ் தரையை ஒட்டி இறங்கும், நெருஞ்சிக்கு அந்த உயரம்தான் சரி.